அட்டவணைக்கு நெறி வகுத்த எட்கார் கொட்

பாடசாலை அலுவலகங்களில் பழகியவர்களுக்கு ஒரு சிறு சங்கடம் நன்கு தெரிந்திருக்கும். பல ஆண்டுகளுக்கு முன் கற்று வெளியேறிய ஒருவர், தம் பெறுபேறுகளுக்குச் சான்றிதழ் வேண்டி வந்து நிற்பார். அலுமாரியின் அடித்தட்டிலிருந்து பழைய புள்ளிப் பதிவேடு எடுக்கப்படும். 417 என்ற சேர்விலக்கத்துக்கு எதிரே கணிதத்துக்கு இத்தனை, தமிழுக்கு இத்தனை என்று தெளிவான கையெழுத்தில் எழுதப்பட்டிருக்கும். ஆனால் 417 என்பவர் யார் என்று கூறவேண்டிய சேர்வு இடாப்பு அங்கே இராது. அது கறையானுக்கு இரையாகியிருக்கும். அல்லது இடமில்லையென்று வேறெங்கோ அனுப்பப்பட்டிருக்கும். புள்ளிகள் உண்டு, புள்ளிக்கு உரியவர் இல்லை. எழுத்து அழியவில்லை, உறவு அழிந்துவிட்டது. உறவு அழிந்தபின் அந்த எழுத்தினால் ஆவதென்ன?

காகிதத்தில் எழுதிய காலத்தில் இச்சங்கடம் ஒரு பாடசாலையோடு, ஒரு கச்சேரியோடு நின்றது. கணனிகள் தோன்றி, இலட்சக்கணக்கான மனிதரின் பெயரும் பிறப்பும் சம்பளமும் கடனும் காந்த நாடாக்களில் ஏறத் தொடங்கியபோது அது உலகப் பிரச்சினையாயிற்று. ஒரு பதிவுக்கும் இன்னொரு பதிவுக்கும் உள்ள உறவை எங்கே எழுதிவைப்பது? இயந்திரத்தின் உள்ளமைப்பிலா, அதனை இயக்குபவரின் மூளையிலா, அன்றிப் பதிவுகளிலேயேயா? பதிவுகளிலேயே என்று விடை கூறி, அவ்விடையைக் கணிதத்தின்மேல் நிறுத்தி, அதன்பொருட்டுத் தம் வாழ்நாளின் பிற்பாதி முழுவதும் வாதாடியவர் எட்கார் பிராங்க் கொட் என்னும் ஆங்கிலேய அறிஞர்.

இளமையும் யுத்தமும்

இங்கிலாந்தின் தென்கரையில், டோர்செற் பிரதேசத்தை ஒட்டிக் கடலுக்குள் நீண்டு கிடக்கும் பாறைநிலம் போர்ட்லண்ட் தீவு. லண்டன் மாநகரின் சென் போல் பேராலயத்தை எழுப்பிய வெண்ணிறக் கல் இத்தீவில் வெட்டியெடுக்கப்பட்டது. 1923 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் கொட் இங்கே பிறந்தார். ஏழு பிள்ளைகளுள் அவரே கடைக்குட்டி. தந்தையார் தோற்பொருள் உற்பத்தியாளர். தாயார் பாடசாலை ஆசிரியை. பூல் நகரத்து உயர்தரப் பாடசாலையில் பயின்று, புலமைப்பரிசில் பெற்று, ஒக்ஸ்போர்ட் சர்வகலாசாலையின் எக்சிற்றர் கல்லூரியில் இரசாயனம் கற்கச் சேர்ந்தார்.

அக்காலம் இரண்டாம் உலக யுத்தம் நடந்த காலம். மாணவர் என்ற முறையில் படைச்சேவையைத் தள்ளிப்போட அவருக்கு உரிமை இருந்தது. அவர் அவ்வுரிமையைப் பயன்படுத்தவில்லை. 1942 இல் தாமாகவே விமானப்படையில் சேர்ந்து, கரையோரக் காவற்பிரிவில் சண்டர்லாண்ட் என்னும் பெரிய கடல் விமானங்களை ஓட்டினார். யுத்தம் முடிந்ததும் ஒக்ஸ்போர்ட்டுக்குத் திரும்பினார். ஆனால் இரசாயனத்துக்குத் திரும்பவில்லை. கணிதத்தைக் கற்று 1948 இல் பட்டம் பெற்றார். விமானம் ஓட்டும் ஆசை மட்டும் அவரைவிட்டு நீங்கவில்லை என்பர்.

பட்டம் பெற்ற அதே ஆண்டில் அமெரிக்காவுக்குப் புறப்பட்டார். ஒக்ஸ்போர்ட் பட்டதாரிக்கு நியூயோர்க் நகரம் முதலிற் கொடுத்த உத்தியோகம், மேசிஸ் என்னும் பெருங்கடையில் ஆடவர் விளையாட்டு உடைகளை விற்பது. பின்னர் தெனசி சர்வகலாசாலையில் ஆறு மாதம் கணிதம் கற்பித்தார். 1949 இல் ஐ.பி.எம். கொம்பனியில் நிரலாளராகச் சேர்ந்தார்.

அப்போது ஐ.பி.எம். கொம்பனி, நியூயோர்க்கின் மடிசன் வீதியில் தெருவில் போவோர் கண்ணாடிச் சாளரத்தினூடாகப் பார்க்கும்படி ஓர் இராட்சதக் கணிப்பானை நிறுவி வைத்திருந்தது. 12,000க்கும் மேற்பட்ட வெற்றிடக் குழாய்களும் 21,000க்கும் மேற்பட்ட மின் அஞ்சல் விசைகளும் கொண்ட அவ்வியந்திரத்துக்கு ஆணைநிரல்கள் எழுதியவர்களுள் கொட் அவர்களும் ஒருவர். இயந்திரத்தின் ஒவ்வொரு விசையையும் அறிந்தவர் மாத்திரமே அதனிடம் வேலை வாங்கமுடியும் என்ற நிலை அன்று இருந்தது. இயந்திரத்தின் உள்ளமைப்பை அறியாதவனும் அதனிடம் வினாவலாம் என்ற நிலையைப் பிற்காலத்தில் உண்டாக்கியவர், இந்தப் பழைய இயந்திரத்தின் முன்னே தம் பயிற்சியைத் தொடங்கினார் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

நாடு துறந்ததும் மீண்டதும்

1950களின் தொடக்கத்தில் அமெரிக்காவில் செனற்றர் மக்கார்த்தியின் கை ஓங்கியிருந்தது. கம்யூனிஸ்டுகளைத் தேடுவதென்ற பெயரால் அறிஞர்களும் கலைஞர்களும் உத்தியோகத்தர்களும் விசாரணைக்கு இழுக்கப்பட்டனர். கொட் இதனால் நேரே பாதிக்கப்பட்டவரல்லர். ஆயினும் அந்தச் சூழலை அவர் வெறுத்தார். 1953 இல் நல்ல உத்தியோகத்தை விட்டுவிட்டுக் கனடாவின் ஒட்டாவா நகருக்குச் சென்று, அங்கே கணனி வேலைகளில் நான்கு ஆண்டு கழித்தார். தமக்குச் சரியெனப்பட்டதன் பொருட்டு இழப்பை ஏற்கும் இக்குணம் அவருடைய விஞ்ஞான வாழ்விலும் பின்னர் வெளிப்பட்டது.

1957 இல் மீண்டும் ஐ.பி.எம். கொம்பனிக்குத் திரும்பினார். ஸ்ட்ரெச் எனப்பட்ட அதிவேகக் கணனியில் பல ஆணைநிரல்களை ஒருங்கே இயங்கவைக்கும் முறையை வகுப்பதில் உழைத்தார். அதன்பின், 38 ஆம் வயதை எட்டும் பருவத்தில், கொம்பனியின் உதவிப்பணத்துடன் மிச்சிகன் சர்வகலாசாலையில் மாணவராய்ச் சேர்ந்தார். தம்மைத் தாமே பிறப்பிக்கக்கூடிய இயந்திரத்தை யோன் வொன் நொய்மான் என்னும் பேரறிஞர் கணிதத்தில் அமைத்துக் காட்டியிருந்தார். அவ்வமைப்பில் ஒவ்வொரு சிறு கூறுக்கும் 29 நிலைகள் தேவைப்பட்டன. 8 நிலைகளே போதும் என நிறுவி, 1965 இல் கொட் கலாநிதிப் பட்டம் பெற்றார். சிக்கலானதைக் கண்டால், அதனினும் எளிய அடித்தளம் ஒன்று அதன் கீழே இருக்கவேண்டும் என்று தேடுவது அவருடைய மனப்பாங்கு. அடுத்து அவர் கைவைத்த துறையில் இம்மனப்பாங்கு பெரும்பயன் விளைத்தது.

பதிவுகளின் காடு

1960களின் பிற்பகுதியில் கலிபோர்ணியாவின் சான் ஹோசே நகரிலிருந்த ஐ.பி.எம். ஆராய்ச்சிக் கூடத்துக்குக் கொட் மாற்றம் பெற்றார். கணனிகளிற் சேர்ந்துவந்த பெருந்தொகையான தரவுகளை ஒழுங்குபடுத்துவதற்குச் சரியான கொள்கை எதுவும் இல்லை என்பதை அங்கே கண்டார்.

முறைகள் இல்லாமற் போகவில்லை. சந்திரனுக்கு மனிதரை அனுப்பும் அப்பலோ திட்டத்தில், ரொக்கெற்றின் எண்ணிறந்த உறுப்புகளைக் கணக்கில் வைப்பதற்காக ஐ.பி.எம். ஒரு தரவு முறையை ஆக்கியிருந்தது. ஐ.எம்.எஸ். எனப் பெயர்பெற்ற அம்முறை 1968 இல் இயங்கத் தொடங்கிற்று. அதில் தரவுகள் மரம்போலக் கிளைவிட்டு நின்றன. பெரிய உறுப்பின் கீழே சிறிய உறுப்பு, அதன் கீழே அதனினும் சிறியது. ஜெனரல் இலெக்ட்ரிக் கொம்பனியில் சார்ள்ஸ் பக்மன் என்னும் அறிஞர் 1960களின் தொடக்கத்தில் வகுத்த மற்றொரு முறையில், ஒரு பதிவு அடுத்த பதிவு இருக்குமிடத்தைச் சுட்டிநிற்கும்; அச்சுட்டுகளைப் பின்தொடர்ந்து நிரலாளர் பதிவுக்குப் பதிவு பயணம் செய்வார்.

இவை கெட்டிக்காரத்தனமான முறைகள். பெரும் பணிகளையும் செய்தன. ஆனால் இரண்டிலும் ஒரே குறை இருந்தது. மரத்தை வேரிலிருந்து கிளைக்குப் பார்க்கும் வினாவுக்கு விடை எளிதிற் கிடைக்கும். ஓர் இலையைக் காட்டி, இது எந்தெந்தக் கிளைகளில் உண்டு என்று வினவினால் காடு முழுவதையும் சுற்றவேண்டும். அதனினும் பெரிய இடர் வேறொன்று. தரவுகளின் இருப்பிடத்தை மாற்றியமைத்தால், பழைய பாதையை நம்பி எழுதப்பட்ட ஆணைநிரல்கள் யாவும் பிழைபட்டன. இந்தப் பதிவுக்கும் அந்தப் பதிவுக்கும் என்ன உறவு என்பது இயந்திரத்தின் சுட்டுகளிலும் நிரலாளரின் ஞாபகத்திலும் ஒளிந்திருந்தது. அந்த நிரலாளர் வேறு உத்தியோகம் தேடிச் சென்றுவிட்டால், உறவும் அவரோடு சென்றுவிட்டது.

நிரையும் நிரலும்

கொட் 1969 இல் கொம்பனியின் உள்ளறிக்கையாக ஒன்றும், 1970 யூன் மாதத்தில் அமெரிக்கக் கணனிச் சங்கத்தின் சஞ்சிகையில் மற்றொன்றுமாக இரு கட்டுரைகளை வெளியிட்டார். இரண்டாவது கட்டுரை சஞ்சிகையின் பதினொரு பக்கங்களுக்குள் அடங்கியது. இன்று வங்கிகளிலும் வைத்தியசாலைகளிலும் பரீட்சைத் திணைக்களங்களிலும் தரவுகள் அமைந்திருக்கும் முறை பெரும்பாலும் அதிலிருந்து பிறந்ததே.

அதன் அடிப்படைக் கருத்தை ஓர் உயர்வகுப்பு மாணவனும் விளங்கிக்கொள்ளலாம். எல்லாத் தரவுகளையும் அட்டவணைகளாக மாத்திரமே எழுதுக. ஒவ்வோர் அட்டவணையும் கணிதத்திற் கூறப்படும் தொடர்பு, அதாவது நிரைகளின் தொடை ஆகும். தொடையில் ஒரே உறுப்பு இருமுறை வராது. ஆகவே ஒரே நிரை இருமுறை எழுதப்படலாகாது. தொடைக்கு வரிசை இல்லை; ஆகவே எந்த நிரை முதலில் நிற்கிறது என்பதற்குப் பொருள் இல்லை. ஒரு நிரையை அதன் இருப்பிடத்தால் அன்றி, அதனுள் எழுதப்பட்ட ஒரு பெறுமானத்தால் இனங்காண வேண்டும். அப்பெறுமானமே முதன்மைச் சாவி. முற்கூறிய பாடசாலையில் சேர்விலக்கம் அத்தகைய சாவி.

இனி, புள்ளிப் பதிவேட்டில் மாணவரின் பெயரையும் முகவரியையும் ஒவ்வொரு தவணையும் திரும்ப எழுதத் தேவையில்லை. சேர்விலக்கத்தை மட்டும் எழுதினாற் போதும். ஓர் அட்டவணையின் சாவி இன்னோர் அட்டவணைக்குள் விருந்தினர் போல வந்து நிற்கும்போது அது அந்நியச் சாவி எனப்படும். இவ்விரு சாவிகளுமே உறவு. இரகசியச் சுட்டுகள் இல்லை. மறைவான பாதைகள் இல்லை. ஈரிடங்களில் ஒரே எண் எழுதப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். அட்டவணையை எங்கே கொண்டுசென்றாலும் உறவும் அதனோடு செல்லும்.

1970 ஆம் ஆண்டுக் கட்டுரையிலேயே கொட் ஓர் உதாரணம் காட்டினார். ஓர் ஊழியரின் பதிவுக்குள் அவருடைய பதவி வரலாறு, அதற்குள் சம்பள வரலாறு, பக்கத்திலே பிள்ளைகளின் பட்டியல் என்று பொதிந்து கிடந்ததை எடுத்து, நான்கு தனி அட்டவணைகளாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் ஊழியர் இலக்கத்தைச் சேர்த்துக் காட்டினார். அடுத்த ஆண்டுகளில் இப்பிரிப்புக்குப் படிமுறைகளை வகுத்தார். ஓர் உண்மை ஓரிடத்தில் மட்டுமே எழுதப்படவேண்டும் என்பதே அவற்றின் நோக்கம். இரண்டிடங்களில் எழுதினால் ஒருநாள் ஒன்று திருத்தப்பட்டு மற்றது திருத்தப்படாமல் விடப்படும். அன்று பதிவேடு தன்னோடு தானே முரண்படும்.

சொந்த வீட்டில் எதிர்ப்பு

கட்டுரை வெளிவந்தவுடன் உலகம் அதனை ஏற்றுவிடவில்லை. ஐ.பி.எம். கொம்பனிக்கு ஐ.எம்.எஸ். நல்ல வருவாய் தரும் சரக்கு. அதனை வாங்கிய வாடிக்கையாளர்களிடம், அதன் அடிப்படையே குறையுடையது என்று தன் ஆராய்ச்சியாளர் ஒருவரைக்கொண்டு கூறவைக்க எந்தக் கொம்பனி விரும்பும்? கணிதக் குறியீடுகளால் எழுதப்பட்ட கொள்கை அழகானதே, ஆனால் இயந்திரத்தில் இயக்கினால் ஆமைவேகத்தில் நகரும் என்று அனுபவசாலிகள் கூறினர். கொட் பணிந்துபோகும் இயல்பினரல்லர். கொம்பனிக்குள்ளும் வெளியிலும் தம் கட்சியை எடுத்துரைத்துக்கொண்டே இருந்தார்.

1974 இல் மிச்சிகன் மாநிலத்தின் ஆன் ஆர்பர் நகரில் ஒரு கருத்தரங்கு கூடிற்று. ஒருபுறம் கொட், மறுபுறம், அதற்கு முந்திய ஆண்டிற்கான டூரிங் பரிசைப் பெற்றிருந்த பக்மன். பதிவுக்குப் பதிவு பயணம் செய்யும் நிரலாளரைக் கடலோடும் மாலுமியாகக் கண்டவர் பக்மன். அப்பயணமே தேவையில்லை, வேண்டியதைச் சொன்னாற் போதும், தேடுவது இயந்திரத்தின் கடன் என்றவர் கொட். அன்றைய விவாதத்தில் எவரும் முற்றாகத் தோற்கவில்லை. ஆயினும் இளம் ஆராய்ச்சியாளர் பலரின் கண் கொட் பக்கம் திரும்பிற்று.

சான் ஹோசேயிலேயே ஒரு குழுவினர் சிஸ்டம் ஆர் என்னும் பரீட்சார்த்த முறையை ஆக்கினர். டொனால்ட் சேம்பர்லின், றேமண்ட் பொய்ஸ் ஆகிய இருவரும் சாதாரண ஆங்கிலத்தை ஒத்த வினாமொழி ஒன்றை அமைத்தனர். அதுவே பின்னர் எஸ்.கியூ.எல். எனப் பெயர்பெற்றது. பொய்ஸ் 1974 இலேயே இளவயதில் மறைந்தார். அதே காலத்தில் பேர்க்லி சர்வகலாசாலையில் மைக்கேல் ஸ்டோன்பிறேக்கரும் இயூஜின் வொங்கும் கட்டுரைகளைப் படித்தே இங்கிறெஸ் என்னும் முறையை இயக்கிக் காட்டினர். ஆமைவேகம் என்ற வாதம் இவ்விரு முயற்சிகளாலும் வலுவிழந்தது. 1979 இல் ஒரு சிறிய புதிய கொம்பனி ஒறக்கிள் என்ற பெயரில் இவ்வகை மென்பொருளை விற்பனைக்குக் கொண்டுவந்தது. கருத்துப் பிறந்த வீடாகிய ஐ.பி.எம். 1981 இலும், டி.பி. 2 என்னும் பெரிய முறையோடு 1983 இலுமே சந்தைக்கு வந்தது. 1981 இல் கணனி விஞ்ஞானத்தின் அதியுயர் விருதாகிய டூரிங் பரிசு கொட் அவர்களுக்கு வழங்கப்பட்டது.

ஏற்கப்பட்டதும் விடப்பட்டதும்

இவ்விடத்தில் கதை இனிதே முடிந்தது என்று எழுதலாம். ஆனால் கொட் அவ்வாறு கருதவில்லை. வெற்றியின் நடுவே அவர் ஓர் ஏமாற்றத்தைக் கண்டார். கொம்பனிகள் அட்டவணையை எடுத்துக்கொண்டன. அட்டவணைக்குரிய நெறியை எடுத்துக்கொள்ளவில்லை.

அந்நெறிகளை 1979 இல் எழுதிய நீண்ட கட்டுரையில் அவர் தெளிவாக எடுத்துரைத்தார். இரண்டு அவற்றுள் தலையாயவை. முதலாவது, முதன்மைச் சாவி ஒருபோதும் வெறுமையாய் இருத்தலாகாது. இன்னார் என்று இனங்காண முடியாத ஒருவருக்குப் பதிவேட்டில் இடமில்லை. இரண்டாவது, அந்நியச் சாவி சுட்டுகின்ற பதிவு உண்மையிலேயே இருத்தல் வேண்டும். சேர்வு இடாப்பில் இல்லாத இலக்கத்துக்குப் புள்ளி எழுத இயந்திரம் இடங்கொடுக்கலாகாது. இடாப்பிலிருந்து ஒரு மாணவரை நீக்க முயன்றால், புள்ளிகள் இருக்கும்வரை நீக்கமுடியாது என்று மறுக்கவேண்டும். அல்லது புள்ளிகளையும் சேர்த்தே நீக்கவேண்டும். அல்லது அந்த இலக்கத்தை வெறுமையாக்க வேண்டும். இம்மூன்றில் எதுவென்பதைப் பதிவேட்டை வகுப்பவர் முன்கூட்டியே எழுதிவைக்க வேண்டும். நீக்கிவிட்டு வாளாவிருத்தல் என்ற நான்காவது வழி இல்லை.

சந்தைக்கு வந்த மென்பொருள்களோ இந்த நான்காம் வழியையே திறந்துவைத்தன. 1986 இல் எஸ்.கியூ.எல். மொழிக்கு அமெரிக்க நியமம் வகுக்கப்பட்டபோதும் அந்நியச் சாவி அதில் இடம்பெறவில்லை. 1989 ஆம் ஆண்டுத் திருத்தத்திலேதான் அது சேர்ந்தது. அதுவரை இந்நெறிகளை ஒவ்வொரு நிரலாளரும் தத்தம் ஆணைநிரலுக்குள் தனித்தனியே எழுதிவந்தனர். ஒருவர் மறந்தால் நெறியும் மறைந்தது. எந்த நோயை நீக்க 1970 இல் மருந்து கூறினாரோ, அந்நோய் வேறொரு வாசலால் மீண்டும் நுழைந்தது.

கொட் 1984 இல் ஐ.பி.எம். கொம்பனியிலிருந்து விலகினார். 1985 இல் கணனித் துறைப் பத்திரிகை ஒன்றில் தம் புகழ்பெற்ற பன்னிரு விதிகளை வெளியிட்டார். எந்த மென்பொருள் உண்மையில் தம் கொள்கைக்கு உரியது, எது பெயரளவில் மாத்திரம் உரியது என்று உரைத்துப் பார்க்கும் உரைகல்லாக அவற்றை அமைத்தார். அவற்றுள் பத்தாம் விதி இக்கட்டுரையின் பொருளோடு நெருங்கியது. கட்டுப்பாடுகள் ஆணைநிரல்களுக்குள் புதைந்து கிடத்தலாகாது. தரவின் மொழியிலேயே வரையறுக்கப்பட்டு, தரவோடு சேர்ந்த விபரக்கோவையிலேயே எழுதப்படவேண்டும் என்பது அதன் சாரம். அன்று சந்தையிலிருந்த எந்த மென்பொருளும் பன்னிரு விதிகளையும் முற்றாக நிறைவேற்றவில்லை.

அவருடைய கருத்துகள் யாவும் மறுப்பின்றி ஏற்கப்பட்டன எனக் கூறமுடியாது. தெரியாத பெறுமானத்தை வெறுமை என்ற தனிக்குறியால் எழுதவேண்டும் என்று அவர் வற்புறுத்தினார். அவ்வாறு எழுதினால் உண்மை, பொய் என்ற இரண்டோடு தெரியாது என்ற மூன்றாவதும் தருக்கத்தில் நுழையும். அவருடைய கொள்கையை உலகெங்கும் பரப்பியவரும் பங்காளியுமான கிறிஸ் டேற் என்பாரே இதனை இறுதிவரை எதிர்த்தார். 1990 இல் கொட் வெளியிட்ட நூல் 333 அம்சங்களாக விரிந்தது. பன்னிரு விதியையே பின்பற்றாத கொம்பனிகள் அதனைத் திரும்பிப் பார்க்கவில்லை. 1993 இல் அவர் எழுதிய வேறொரு ஆய்வறிக்கைக்கு ஒரு வணிக நிறுவனம் பணம் கொடுத்திருந்தது என்பது வெளிப்பட்டு, அதனால் அவருடைய பெயருக்குச் சிறிது மாசும் ஏற்பட்டது. சுருங்கக் கூறுவதில் வல்லவராயிருந்த ஒருவர், பிற்காலத்தில் விதிமேல் விதியாக அடுக்கினார் என்று குறைகூறுவோரும் உளர். உலகம் முதல் விதியையே சரியாகப் படிக்கவில்லை என்ற தவிப்பு அதற்குக் காரணமாயிருக்கலாம்.

2003 ஏப்ரல் 18 ஆம் திகதி, புளோரிடா மாநிலத்திலுள்ள தமது இல்லத்தில், இதயம் செயலிழந்தமையால் கொட் காலமானார். அப்போது அவருக்கு வயது 79. அடுத்த ஆண்டில், தரவியல் ஆராய்ச்சிக்கு அமெரிக்கக் கணனிச் சங்கத்தின் பிரிவொன்று வழங்கிவந்த விருதுக்கு அவருடைய பெயர் சூட்டப்பட்டது.

ஆவணக்காப்பகத்தில் ஒரு விடை

அவருடைய நெறியின் அருமை, அவர் எதிர்பார்த்திராத ஓரிடத்திலே மிகத் தெளிவாகப் புலப்படலாயிற்று. கணனிப் பதிவேடுகள் முதுமையடைந்தன. முப்பது நாற்பது ஆண்டுகளில் அட்டவணைகள் பெருத்தன. நாளாந்த வேலைக்கு வேண்டாத பழைய நிரைகளைப் பிரித்தெடுத்துக் காப்பகத்தில் வைக்கவேண்டிய தேவை பிறந்தது. அப்போதுதான் 417 ஆம் இலக்கத்தின் சங்கடம் கோடிக்கணக்கிற் பெருகி முன்னே வந்தது.

பழைய தரவுகளைப் பிரித்தெடுக்கும் மென்பொருள், வேலை தொடங்குமுன் அட்டவணைகளுக்கிடையே உள்ள உறவுகளை அறியவேண்டும். எது தாய் அட்டவணை, எது சேய் அட்டவணை, எந்தச் சாவி அவற்றை இணைக்கிறது என்பன தெரிந்தாலன்றி அது ஓர் அடியும் வைக்கமுடியாது. காப்பகத்தில் எழுதும்போது தாய் முதலில், சேய் பின்னர். பழைய இடத்திலிருந்து நீக்கும்போது சேய் முதலில், தாய் பின்னர். இவ்வொழுங்கு மாறினால் நடுவழியில் அநாதைப் பதிவுகள் தோன்றும். ஒரு மாணவரின் புள்ளிகளைக் காப்பகத்துக்கு அனுப்புபவர், அம்மாணவரின் சேர்வுப் பதிவின் பிரதியொன்றையும், பாடங்களின் பெயர்ப் பட்டியலின் பிரதியொன்றையும் உடன் அனுப்பவேண்டும். இன்றேல் 417 என்பவரும் தெரியார். 32 என்ற இலக்கத்தால் குறிக்கப்பட்ட பாடம் எதுவென்பதும் தெரியாது.

சாவிகளும் கட்டுப்பாடுகளும் தரவோடு சேர்த்து வரையறுக்கப்பட்டிருந்த இடங்களில் இவ்வேலை சுலபமாயிற்று. மென்பொருள் அவற்றைத் தானே படித்துக்கொண்டது. ஆணைநிரல்களுக்குள் ஒளித்துவைக்கப்பட்டிருந்த இடங்களில், ஓய்வுபெற்ற நிரலாளர்களைத் தேடிப்பிடித்து, எந்த நிரல் எந்த அட்டவணையைச் சுட்டுகிறது என்று கேட்டு, உறவுகளைப் புதிதாக எழுதவேண்டியதாயிற்று. சிலவிடங்களில் கேட்பதற்கும் எவரும் இல்லை. பத்தாம் விதியை வெறும் பண்டிதப் பிடிவாதம் என்று கருதியவர்களுக்கு இது காலம் கொடுத்த பதில்.

சுவிட்சர்லாந்தின் கூட்டாட்சி ஆவணக்காப்பகம் இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் சியார்ட் என்னும் காப்பு முறையொன்றை வகுத்தது. 2013 இல் அது அந்நாட்டின் நியமமாயிற்று. எந்தக் கொம்பனியின் மென்பொருளையும் சாராமல், ஒரு தரவுத்தளத்தின் அட்டவணைகளைச் சாதாரண எழுத்துவடிவில் ஒரே பொதியாகக் கட்டிவைக்கும் முறை அது. அப்பொதியில் அட்டவணைகள் மட்டும் இல்லை. முதன்மைச் சாவி எது, அந்நியச் சாவி எந்த அட்டவணையைச் சுட்டுகிறது, சுட்டப்பட்ட நிரை நீக்கப்பட்டால் என்ன செய்யவேண்டும் என்பனவும் தனிக்கோவையாக உடன் வைக்கப்படுகின்றன. ஐம்பது ஆண்டின் பின் அப்பொதியைப் பிரிப்பவர், அதனை ஆக்கிய நிரலாளரைத் தேடவேண்டியதில்லை. ஆக்கிய இயந்திரத்தையும் தேடவேண்டியதில்லை. உறவு பதிவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

கொட் ஆவணக்காப்பாளர் அல்லர். தாம் காப்பகங்களுக்காக உழைப்பதாக அவர் எண்ணியதும் இல்லை. கடைச் சிப்பந்தியாகவும் விமானியாகவும் நிரலாளராகவும் இருந்து, நடுவயதில் மாணவராகிய அந்த மனிதர் தேடியதெல்லாம், எழுதியவர் போனபின்னும் எழுத்துத் தன் பொருளைத் தானே சொல்லி நிற்கும் ஒரு வழியைத்தான். நம் பாடசாலை அலுமாரிகளில் உள்ள பதிவேடுகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கணனிக்கு மாற்றப்படுகின்ற இந்நாளில், அவற்றை மாற்றுபவர்கள் புள்ளிகளைப் பதிவதோடு நின்றுவிடாமல், 417 என்பவர் யார் என்ற உறவையும் அதனைக் காக்கும் விதியையும் சேர்த்துப் பதிவார்களாயின், சான்றிதழ் வேண்டி வந்து நிற்கும் அந்த முன்னாள் மாணவர் வெறுங்கையோடு திரும்பமாட்டார்.